விரிந்த பட்டியும் திரைப்பிடிப்பும்: உள்ளீட்டு அதிகாரத்தின் வரலாறு (1981–2022)

ஆய்வுச் சுருக்கம்

மெனு எனப்படும் பட்டி விரிந்திருக்கும் நிலையில் அதனைத் திரைப்பிடிப்பாகப் பதிவுசெய்வது, மேசைக் கணினிகள் பலவற்றில் நெடுங்காலம் எளிதாக இருக்கவில்லை. படமெடுக்கும் நிரலின் குறையே இதற்குக் காரணம் எனக் கருத இடமுண்டு. ஆனால், திரையைப் படிப்பதில் தடை இருக்கவில்லை; படமெடுக்கும் கட்டளை உரிய நிரலைச் சென்றடைவதிலேயே தடை இருந்தது. இதனை மெக்கின்டோஷ், விண்டோஸ், எக்ஸ், வேலண்ட் ஆகிய நான்கின் வழி இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: திரைப்பிடிப்பு, பட்டி, உள்ளீடு, சாளர முறைமை, மென்பொருள் வரலாறு

முன்னுரை

ஒரு மென்பொருள் தன் பயனருக்கு எவ்வெச் செயல்களை வழங்கியது, அவற்றை எப்பெயர்களால் அழைத்தது என்பதை அறிய விரிந்த பட்டியே தலையாய சான்றாகும். மூடிய நிலையில் பட்டியின் தலைப்பு மட்டுமே தெரியும். பட்டியோ நிலையற்றது, வேறோர் இடத்தைச் சொடுக்கினாலோ, வேறு சாளரத்தைத் திறந்தாலோ மறைந்துவிடும். எனவே படமெடுக்க முனையும் செயலே படத்திற்குரிய பொருளை அழித்துவிடுகிறது. இம்முரண் ஒவ்வொரு கணினி முறைமையிலும் எவ்வாறு தோன்றியது, எவ்வாறு தீர்ந்தது என்பன ஆராயத்தக்கவை.

கணினிக்கு வெளியே நின்ற ஒளிப்படக் கருவி

ஆப்பிள் நிறுவனத்தின் லிசா கணினி 1983இல் வெளிவந்தது. அதன் இடைமுகம் உருவான காலத்தில் பில் அட்கின்சன் திரையைப் போலராய்டு கருவியால் படமெடுத்து வந்தார். கீழ்விரி பட்டி படிப்படியாக உருப்பெற்றதை அறிய அப்படங்கள் இன்றும் உதவுகின்றன. ஒளிப்படக் கருவி கணினிக்கு வெளியே நின்றது. அதனை இயக்கக் கணினிக்குக் கட்டளை எதுவும் தர வேண்டியதில்லை. ஆகவே பட்டி மறையும் சிக்கலும் எழவில்லை. படமெடுக்கும் பணி கணினிக்குள்ளேயே நுழைந்தபோதுதான் இச்சிக்கல் பிறந்தது.

மெக்கின்டோஷ்: பட்டியின் ஆட்சி

1984 ஜனவரியில் வெளிவந்த மெக்கின்டோஷின் திரை 512×342 புள்ளிகள் கொண்டது. கமாண்ட், ஷிஃப்ட், 3 ஆகிய விசைகளைச் சேர்த்து அழுத்தினால் திரை முழுவதும் மேக்பெயின்ட் கோப்பாகச் சேமிக்கப்பட்டது. ஆனால் பட்டியை விரித்து வைக்கச் சுட்டியின் பொத்தானை அழுத்தியபடியே இருக்க வேண்டும். அவ்வளவு நேரமும் கணினியின் கட்டுப்பாடு பட்டியைக் கையாளும் நிரற்கூறிடமே இருந்தது. விசை நிகழ்வுகளை வழக்கமாகப் பெற்றுப் பகிரும் பகுதி அப்போது இயங்கவில்லை. பொத்தானை விட்ட பிறகே விசைக்கட்டளை கவனிக்கப்பட்டது; அதற்குள் பட்டி மறைந்துவிட்டது. 1997இல் வந்த மேக் ஓஎஸ் 8, ஒரு சொடுக்கில் பட்டி விரிந்து நிற்க வழிசெய்தது. பின்னர் மேக் ஓஎஸ் எக்ஸில் இடம்பெற்ற கிராப் என்னும் நிரல், பத்து நொடி கழித்துப் படமெடுக்கும் வசதியை அளித்தது.

விண்டோஸ்: விசையின் மரபு

1981இல் வெளிவந்த ஐபிஎம் பிசியின் விசைப்பலகையில் திரையை அச்சிட உதவும் ஒரு விசை இருந்தது. ஷிஃப்டுடன் அதனை அழுத்தினால் திரையிலுள்ள எழுத்துகள் அச்சுப்பொறிக்குச் சென்றன. அப்பணியைச் செய்தது பயன்பாட்டு நிரல் அன்று. கணினியின் அடிப்படை உள்ளீட்டு வெளியீட்டு நிரலாகிய பயாஸ். விண்டோஸ் இம்மரபைத் தொடர்ந்தது. அதில் பிரின்ட் ஸ்கிரீன் விசையை இயங்குதளமே ஏற்றுத் திரைப்படிமத்தை இடைநிலைப் பலகைக்கு நகலெடுத்தது. அதனால் பட்டி விரிந்திருந்தாலும் படம் கிடைத்தது.

படமெடுப்பது தனியொரு நிரலின் பணியானபோது சிக்கல் இங்கும் தலைகாட்டியது. 2007இல் விண்டோஸ் விஸ்டாவுடன் வந்த ஸ்னிப்பிங் டூலைத் திறந்தால், விரிந்திருந்த பட்டி மூடிக்கொண்டது. விண்டோஸ் 7இல், அக்கருவியைத் திறந்து, எஸ்கேப் விசையை அழுத்தி, பட்டியை விரித்து, அதன்பின் கண்ட்ரோலுடன் பிரின்ட் ஸ்கிரீனை அழுத்தும் சுற்றுவழி பின்பற்றப்பட்டது. 2015இல் வெளியான விண்டோஸ் 10இல் ஒன்று முதல் ஐந்து நொடிவரை தாமதித்துப் படமெடுக்கும் வசதி சேர்ந்தது.

எக்ஸ்: கைப்பற்றலும் காத்திருப்பும்

இச்சிக்கலின் வேரைத் தெளிவாகக் காட்டுவது, எம்ஐடியில் 1984இல் தொடங்கப்பட்ட எக்ஸ் சாளர முறைமை. அதன் பதினொன்றாம் பதிப்பு 1987இல் வெளிவந்தது. அதில் ஒரு நிரல் சுட்டியையும் விசைப்பலகையையும் முழுமையாகக் கைப்பற்றிக்கொள்ள இயலும். பட்டியை விரிக்கும் நிரல்கள் பல இவ்வுரிமையைப் பயன்படுத்தின. பட்டிக்கு வெளியே நிகழும் சொடுக்கையும் அறிந்து பட்டியை மூட அது தேவைப்பட்டது. ஆயினும் கைப்பற்றல் நீடிக்கும்வரை, திரைப்பிடிப்புக்கென மேசைச்சூழல் ஒதுக்கிய விசை அதற்கு எட்டாது.

அதே வேளையில் திரையின் படிமத்தைப் படிக்க எந்த நிரலுக்கும் தடையில்லை. எக்ஸ்டபிள்யூடி போன்ற கருவியைச் சில நொடி கழித்து இயங்குமாறு முன்கூட்டியே ஏவிவிட்டுப் பட்டியை விரித்தால் படம் கிட்டியது. கட்டளையைப் பட்டி விரியும் முன்பே தந்துவிடுவதே இவ்வழியின் உட்பொருள். தாமத வசதி பயன் தந்ததே, தடை படிப்பதில் இல்லை என்பதற்குச் சான்றாகும். பட்டி விரிந்திருக்கையில் திரைப்பூட்டு இயங்காமற் போனதும் இதே காரணத்தால்தான். எனவே இது படமெடுப்போரின் சிறு இடர் மட்டுமன்று. பாதுகாப்புக் குறைபாடும் ஆகும்.

வேலண்ட்: அதிகாரத்தின் இடமாற்றம்

2008இல் தொடங்கப்பட்ட வேலண்ட் இவ்வுறவை மாற்றியமைத்தது. இதில் திரையைத் தொகுக்கும் நிரலே உள்ளீட்டை முதலில் பெறுகிறது. பட்டிக்குரிய கைப்பற்றல் அதன் இசைவின்பேரில் மட்டுமே நிகழ்கிறது. 2022 மார்ச்சில் வந்த க்னோம் 42, விசையை அழுத்திய கணத்தின் படிமத்தை உறையச்செய்து, வேண்டிய பகுதியைப் பின்னர்த் தேர்ந்துகொள்ள வழிசெய்தது. அதே சமயம், எக்ஸில் எந்த நிரலும் திரையைப் படிக்க முடிந்த நிலை வேலண்டில் இல்லை. கட்டளைக்கு வழி திறந்தது. படிப்பதற்கு வேலி இடப்பட்டது.

முடிவுரை

மேற்கண்டவற்றிலிருந்து இரு முடிவுகள் பெறப்படுகின்றன. முதலாவது, விரிந்த பட்டியைப் பதிவதன் வரலாறு, உள்ளீட்டின் மீதான அதிகாரம் பட்டியை விரிக்கும் நிரலிடமா, அதற்கு மேலுள்ள முறைமையிடமா என்பதன் வரலாறேயாகும். ஐபிஎம் பிசியில் முறைமையிடம் இருந்த அவ்வதிகாரம், மெக்கின்டோஷிலும் எக்ஸிலும் பட்டியிடம் சென்று, வேலண்டில் மீண்டும் முறைமையை அடைந்தது. இரண்டாவது, பழைய கையேடுகளில் விரிந்த பட்டியின் படம் இல்லாமையைக் கொண்டு, அப்பட்டி சிறப்பற்றது எனக் கொள்ளலாகாது. எடுப்பதற்கு அரிதாக இருந்ததும் காரணமாகலாம்.

இவ்வெச்சரிக்கை தமிழ்க் கணிமை ஆய்வுக்கும் பொருந்தும். க்னோம், கேடிஇ ஆகியவற்றின் தமிழாக்கச் சொற்களை மொழிபெயர்ப்புக் கோப்புகளில் காணலாம். ஆனால் அச்சொற்கள் பட்டியின் அகலத்தில் அடங்கினவா, எழுத்துரு சிதையாமல் தோன்றியதா, மொழிபெயர்க்கப்படாத ஆங்கிலச் சொற்கள் அருகே நின்றனவா என்பவற்றை விரிந்த பட்டியின் படமே காட்டும். அத்தகைய படங்களைத் தேடித் தொகுப்பது கலைச்சொல் வரலாற்றுக்கு அடிப்படைப் பணியாகும்.