ஸ்டாக்கின் பட்டியல்

வெள்ளி அடைப்பு வைத்த பல்தான் தன் தலைவலிக்கும் சோர்வுக்கும் மறதிக்கும் காரணம் என்று முறையிடுவோரின் வரலாற்றைப் பொதுவாக 1830களில் தொடங்கி ஒரே கோடாக இழுத்துவிடுகிறார்கள். அந்தக் கோடு 1926இல் முறிகிறது என்பது என் வாதம்.

முன்கதை தெரிந்ததே. பாரிசில் தவோ என்ற பல் மருத்துவர் பாதரசம் சேர்த்த வெள்ளிக் கலவையை, அதாவது அமால்கத்தை, முன்வைத்தது 1816இலா 1826இலா என்பதில் நூல்கள் ஒத்துப்போகவில்லை. இங்கே எதுவானாலும் பழுதில்லை. 1833இல் குரோகூர் சகோதரர்கள் அதை நியூயார்க்குக்குக் கொண்டுபோனார்கள். 1845இல் அமெரிக்கப் பல் அறுவை மருத்துவர் சங்கம், அதைத் தொடமாட்டோம் என்று உறுப்பினர்களிடம் உறுதிமொழி கேட்டது. 1850இல் உறுதிமொழி போயிற்று. 1856இல் சங்கமே போயிற்று. அன்று அஞ்சப்பட்ட நோய் எது? வாய்நீர்ப் பெருக்கும் ஈற்றுப் புண்ணும். கலோமல் என்ற பாதரச மருந்தை அள்ளிக் கொடுத்த மருத்துவர்கள் நோயாளிகளிடம் கண்ணாரக் கண்ட நஞ்சு அது.

ஜெர்மன் வேதியியலாளர் ஆல்ஃபிரட் ஸ்டாக்கிடம் நோயின் முகமே மாறுகிறது. போரான், சிலிக்கான் ஹைட்ரைடுகளைக் காற்றுப்படாமல் கையாள அவர் அமைத்த வெற்றிடக் கருவிகளில் பாதரசம் இல்லாத இடம் குறைவு. பல்லாண்டுகள் தலைவலி, கிறுகிறுப்பு, மூக்கடைப்பு, பெயர்கள் நினைவில் நில்லாமை என்று அவர் அல்லல்பட்டார். 1924இல் உடன் உழைத்தவர்களுக்கும் முற்றியபோதுதான் நச்சியல் அறிஞர் லூயி லெவின் காரணத்தைக் கண்டு சொன்னார்.

1926இல் ஜெர்மன் வேதியியல் இதழொன்றில் ஸ்டாக் எழுதிய கட்டுரையின் தலைப்பில் பாதரச ஆவியின் ஆபத்து மட்டுமே உண்டு. 1928இல் அதே இதழில் வந்த கட்டுரையின் தலைப்பிலோ பல் அடைப்பு ஏறிவிட்டது. தலைப்பை நம்பி வாதம் கட்டலாமா என்பார்கள். கட்டலாம் என்றே நினைக்கிறேன், ஒரு தடை இருந்தாலும். முதல் கட்டுரையை எழுதிய அதே ஆண்டில் மருத்துவ வார இதழொன்றில் அவர் எழுதியதன் தலைப்பிலேயே அமால்கம் இருக்கிறது. ஆகவே இது கருத்து மாறியதன் அடையாளமா, வாசகர் மாறியதன் விளைவா என்று அறுதியிட முடியாது. முதல் கட்டுரையும் அடைப்பைப் பேசுகிறதுதான். ஆனால் நோய்ப்பட்டியல் ஆய்வகத்தில் உருவானது; பல் பிறகு வந்து சேர்ந்தது. இந்த வரிசைதான் எனக்கு முக்கியம்.

அடைப்பிலிருந்தும் ஆவி கசியும் என்ற ஸ்டாக்கின் கூற்றைப் பிற்கால அளவீடுகள் மெய்ப்பித்தன. அதில் எனக்குப் பிணக்கில்லை. ஆவி ஒன்றே என்பதால் நோயும் ஒன்றே என்று அவர் வாசித்ததைத்தான் ஏற்க இயலவில்லை. ஆண்டுக்கணக்கில் பாதரசத்துக்கு நடுவே அடைபட்டிருந்தவர் மூச்சில் சேர்ந்த அளவும் இரண்டு கடைவாய்ப் பல் அடைப்பு தரும் அளவும் ஒன்றல்ல. அதிலும் அக்காலத்தில் செப்பு அமால்கம் வழக்கில் இருந்தது. அதன் வில்லையைச் சூடாக்கி, பாதரசம் முத்து முத்தாய்க் கசிந்தபின் அரைத்து அடைப்பார்கள். அதைப் பற்றிய அச்சத்தை எல்லா அடைப்புக்கும் நீட்டுவது நியாயமில்லை. பட்டியலும் அகலமானது: சோர்வும் மறதியும் யாருக்கு இல்லை? விஞ்ஞானி ஃபாரடேயின் ஞாபகக் குறைவையும் ஸ்டாக் அதற்குள் கொண்டுவந்தார் என்பதே போதும்.

முறையிடுவோர் பொய் சொல்கிறார்கள் என்பதல்ல இதன் பொருள். 2008இல் வெளியான மியூனிக் ஆய்வில், அடைப்பே காரணம் என்று கருதிய 90 பேர் மூன்று குழுக்களாகப் பிரிக்கப்பட்டனர்: அடைப்பை அகற்றியவர்கள், அகற்றி நச்சுநீக்கச் சிகிச்சையும் பெற்றவர்கள், அகற்றாமல் உடல்நலப் பயிற்சி மட்டும் பெற்றவர்கள். மூன்று குழுவிலும் உபாதை குறைந்தது. ஸ்டாக் சொன்னது முழுதும் சரியென்றால் மூன்றாம் குழு தேறியதை விளக்க வழியில்லை. சிலருக்கு அடைப்பு ஒத்துக்கொள்ளாமல் போகலாம் என்பதை இந்த ஆய்வு மறுத்துவிடவில்லை. ஒவ்வாமையால் கன்னத்தின் உட்புறம் புண்படுவது அறியப்பட்டதே.

1978இல் ஸ்வீடனில் பல் சிகிச்சையால் பாதிக்கப்பட்டோர் தமக்கென ஒரு சங்கம் அமைத்தபோது பேசப்பட்ட உபாதைகள் 1845க்கு உரியவை அல்ல, 1926க்கு உரியவை. இடைப்பட்ட அரை நூற்றாண்டில் பட்டியல் கைமாறி வந்த வழியை ஜெர்மன், ஸ்காண்டிநேவிய மருத்துவ இதழ்களில்தான் தேடவேண்டும்.