வேங்கடமும் ஜெர்மனியும்: குடிபெயர்ந்த இல்லங்களின் வரலாறு

பிற மாநிலங்களில் வாழும் தமிழ் மக்களை எவரும் முதலில் கேட்பது, "உங்களுக்கு எந்த ஊர்?" என்பதே. தந்தை பிறந்த ஊரைச் சொல்வதா, உத்தியோகம் பார்க்கும் ஊரைச் சொல்வதா, பிள்ளைகள் பள்ளிக்குச் செல்லும் ஊரைச் சொல்வதா என்று நாம் ஒரு கணம் தயங்குகிறோம். இத்தயக்கம் இன்று கடலையும் கடந்துவிட்டது. சித்தூரிலும் திருப்பதியிலும் கல்வி பயின்ற இளைஞர் சிலர், மனைவியையும் கைக்குழந்தையையும் உடன் அழைத்துக்கொண்டு ஜெர்மனி நாட்டில் குடியேறுகின்றனர். வீட்டில் தமிழ், தெருவில் தெலுங்கு, கல்லூரியில் ஆங்கிலம் என்று வளர்ந்தவர்கள், நான்காவதாக ஒரு மொழியை நெடுங்கணக்கிலிருந்து கற்கத் தொடங்குகிறார்கள்.

இது முன் கண்டறியாத புதுமைபோலத் தோன்றும். ஆயின், இதே வழியில் எதிர்த்திசையிலிருந்து ஒரு காலத்தில் ஜெர்மானியக் குடும்பங்கள் திருப்பதிக்கு வந்து வாழ்ந்திருக்கின்றன. அயலூரில் ஒரு குடும்பம் எவ்வாறு வேர்விடுகிறது, எது அதனைப் பெயர்க்கிறது, பெயர்த்தபின் எது எஞ்சுகிறது என்பனவற்றை அறிய அவ்வரலாறு பெரிதும் துணை செய்யும்.

வேங்கட மலை பண்டைத் தமிழகத்தின் வட எல்லையாகக் கூறப்பட்டது. எல்லை என்றவுடன் மதிலொன்று நம் மனக்கண்ணில் எழுகிறது. உண்மையில் அஃது இரு மொழியாளரும் கலந்து பழகும் சந்தை போன்றதோர் இடமாகவே இருந்துவந்தது. திருமலைக் கோயிலின் கல்வெட்டுகளில் பெரும்பாலானவை தமிழில் அமைந்தவை. அதே கோயிலில்தான் 15ஆம் நூற்றாண்டில் தாள்ளபாக்கம் அன்னமாசாரியார் தெலுங்கில் ஆயிரக்கணக்கான கீர்த்தனைகளை இயற்றினார். வைணவ மரபு மற்றுமொரு செய்தியையும் கூறும். இராமாநுசரின் சொற்படி, அவருடைய மாணாக்கரான அனந்தாழ்வான், கருவுற்றிருந்த இளம் மனைவியுடன் திருமலையில் குடியேறி, நந்தவனம் அமைத்து ஏரி வெட்டினார் என்பது அது. அவர் மண் வெட்டியதாகச் சொல்லப்படும் கடப்பாரை கோயிலின் பெருவாயிலில் இன்றும் காணப்படுகிறது. காட்டு விலங்கும் குளிரும் மிகுந்த அம்மலையில் ஓர் இளம் தம்பதியர் ஏரி வெட்டித் தங்கள் வாழ்வைத் தொடங்கினர் என்று மரபு நினைவிற் கொண்டிருப்பது சிந்திக்கத்தக்கது.

இனி, ஜெர்மானியர் வந்த வரலாற்றைக் காண்போம். வட ஜெர்மனியில், லூனபர்க் என்னும் கரம்பு நிலப் பகுதியில் ஹெர்மன்ஸ்பர்க் என்ற சிற்றூர் உள்ளது. அவ்வூரின் குருவாகிய லூத்விக் ஹார்ம்ஸ் என்பார் 1849இல் ஒரு மிஷன் சங்கத்தை நிறுவினார். பெரும் பல்கலைக்கழகங்களில் பயின்ற பண்டிதரைத் தேடாமல், உழவர் மக்களையும் தச்சு, கொல்லு முதலிய கைத்தொழில் அறிந்தவரையும் பயிற்றி அயல்நாடுகளுக்கு அனுப்பியது இச்சங்கத்தின் தனித்தன்மையாகும். 1860களின் நடுவில் ஆகஸ்ட் மீலியுஸ் என்பவரின் தலைமையில் இச்சங்கத்தினர் நம் நாட்டிற்கு வந்தனர். மீலியுஸ் முன்னரே லைப்சிக் சங்கத்தின் சார்பில் தமிழ்நாட்டில் பணியாற்றியவர். இம்முறை அவர் தெலுங்கு நாட்டின் தென்பகுதியைத் தேர்ந்துகொண்டார். சூளூர்ப்பேட்டை, நாயுடுப்பேட்டை, காளத்தி, திருப்பதி முதலிய ஊர்களில் அவர்களுடைய நிலையங்கள் எழுந்தன. அக்காலத்தில் திருப்பதி வட ஆர்க்காடு மாவட்டத்தைச் சேர்ந்தது. அம்மாவட்டத்தின் தலைநகர் சித்தூர்.

அவர்கள் இங்கு வந்து நிலைகொள்ளும் முன்னரே ஒரு விந்தை நிகழ்ந்தது. அவர்கள் புறப்பட்டபோது ஹெர்மன்ஸ்பர்க் ஹானோவர் அரசைச் சேர்ந்திருந்தது. 1866இல் பிரஷ்யா அவ்வரசைத் தன்னுடன் இணைத்துக்கொண்டது. கப்பலேறிய நாட்டிற்கே திரும்பிச் செல்லலாம் என்று நினைத்திருந்தவர்களுக்கு, அந்த நாடு வரைபடத்தில் இல்லாது போயிற்று. ஊர் இருந்த இடத்திலேயே இருந்தது. அரசு மட்டும் மாறிவிட்டது. இச்செய்தியை நேயர்கள் நினைவில் வைத்துக்கொள்ளுதல் நலம். சித்தூர்த் தமிழருக்கும் இதுபோன்றதொரு நிகழ்ச்சி பிற்காலத்தில் நேரவிருந்தது.

அயல்நாட்டில் ஆண்மகனுக்கு அலுவல் இருக்கிறது. அலுவலே அவனுக்கு மொழியைக் கற்பித்துவிடும். வீட்டிலிருக்கும் பெண்ணின் நிலை வேறு. பனியில் வளர்ந்த ஓர் உழவர் குடும்பத்துப் பெண், சித்திரை வெயிலில் காளத்தியில் ஓர் இல்லத்தை நடத்த வேண்டியிருந்தது. பால் வாங்கவும், தண்ணீர் கேட்கவும், குழந்தைக்குக் காய்ச்சல் என்று சொல்லவும் அவளுக்குத் தெலுங்கு வேண்டும். பிள்ளைகளோ தாயைவிட விரைவாக அம்மொழியைக் கற்றுவிடுவர். அதுவே ஒரு கவலைக்கும் வித்தாகும். பள்ளிப் பருவம் வந்ததும் பிள்ளைகளை ஜெர்மனிக்கு அனுப்பிவிடுவது அக்காலத்து மிஷன் குடும்பங்களில் பரவலாக இருந்த வழக்கம். கல்வியின் பொருட்டுப் பெற்றோரும் மக்களும் பல்லாண்டுகள் ஒருவர் முகத்தை ஒருவர் காணாது வாழ்ந்தனர். தாய்மொழியைக் காப்பதற்கு அவர்கள் கொடுத்த விலை அது. தாத்தா பாட்டியிடம் பிள்ளையை ஊரில் விட்டுவிட்டுத் தில்லியிலும் பம்பாயிலும் உத்தியோகம் பார்த்த பெற்றோருக்கு அதன் கனம் விளங்கும்.

அவர்கள் திருப்பதியில் நடத்திய பள்ளியில் 1896இல் ஒரு சிறுவன் சேர்ந்தான். திருத்தணியில் பிறந்தவன், வீட்டில் தெலுங்கு பேசுபவன், ஊரில் தமிழ் கேட்டு வளர்ந்தவன். நான்கு ஆண்டுகள் அப்பள்ளியில் பயின்றபின் வேலூருக்குச் சென்றான். அச்சிறுவனே பிற்காலத்தில் நம் குடியரசுத் தலைவராக விளங்கிய டாக்டர் சர்வபள்ளி ராதாகிருஷ்ணன். 1961ஆம் ஆண்டில் ஜெர்மானியப் புத்தக வணிகர் சங்கம் தன் சமாதானப் பரிசை அவருக்கு அளித்துச் சிறப்பித்தது. ஹெர்மன்ஸ்பர்க் உழவர்கள் திருப்பதியில் ஏற்படுத்திய வகுப்பறைக்கும் அப்பரிசுக்கும் இடையே 65 ஆண்டுகள் ஓடிவிட்டன. கிறித்தவ ஆசிரியர்கள் இந்து சமயத்தின்மீது தொடுத்த கண்டனங்களே தம்மை அச்சமயத்தை ஆழ்ந்து கற்கத் தூண்டின என்று அவர் பின்னாளில் எழுதியிருக்கிறார். குடியேறியவர் ஒன்றைக் கற்பிக்க, ஊரார் அதிலிருந்து மற்றொன்றைக் கற்றுக்கொள்வதும் உண்டு.

1914இல் முதல் உலகப் போர் மூண்டது. ஐம்பது ஆண்டுகளாக இங்கு வாழ்ந்த ஒரு சமூகம், ஓர் அரசாங்க அறிவிப்பினால் பகைநாட்டார் என்று பெயர் பெற்றது. இந்தியாவிலிருந்த ஜெர்மானிய ஆடவர் பலர் அகமத்நகர் முகாமில் காவலில் வைக்கப்பட்டனர். 1915, 1916ஆம் ஆண்டுகளில் 'கோல்கொண்டா' என்னும் கப்பலில் மிஷன் குடும்பங்கள் பல ஐரோப்பாவிற்குத் திருப்பி அனுப்பப்பட்டன. இந்நாட்டில் பிறந்து, இந்நாட்டு மொழியில் மழலை பேசிய குழந்தைகளும் அவற்றில் உண்டு. ஹெர்மன்ஸ்பர்க் சங்கத்தின் பணியைப் பின்னர் அமெரிக்க லூத்தரன் சபையினர் ஏற்றனர். ஜெர்மானியர் தம் மொழியில் வளர்த்தவை அவர்களுடன் கப்பலேறின. தெலுங்கில் அவர்கள் விதைத்தவை இங்கேயே நின்றன.

அரசாங்க ஏடுகளை மொழிபெயர்ப்பதைத் தொழிலாகக் கொண்ட நமக்கு ஓர் அனுபவம் உண்டு. சட்டத்தில் 'இன்னார் இந்நாட்டவர்' என்று ஒரு வரி இருக்கும்; அதனைத் திருத்த மற்றொரு வரி போதும். அதற்குச் சித்தூர் மாவட்டத்தைவிடச் சிறந்த சான்று இல்லை. வட ஆர்க்காடு, கடப்பை மாவட்டங்களின் பகுதிகளைச் சேர்த்து 1911இல் சித்தூர் மாவட்டம் அமைக்கப்பட்டது. 1953 அக்டோபர் முதல் நாள் ஆந்திர மாநிலம் உதயமானபோது, அம்மாவட்டம் முழுவதும் அதனுடன் சென்றது. இரவு தமிழர் மிகுந்த சென்னை இராச்சியத்தில் உறங்கியவர்கள், காலையில் ஆந்திரத்தில் கண்விழித்தனர். அவர்கள் எங்கும் குடிபெயரவில்லை. எல்லைதான் அவர்களைக் கடந்து சென்றது.

ம. பொ. சிவஞானம், மங்கலங்கிழார் முதலியோர் வட எல்லைக்காகக் கிளர்ச்சி நடத்தினர். பின்னர் படாஸ்கர் என்பார் நடுவராக அமர்ந்து, கிராமத்தை அலகாகக் கொண்டு, பேசும் மொழியையும் நிலத் தொடர்ச்சியையும் ஆராய்ந்து தீர்ப்புக் கூறினார். அதன் வழியே 1960 ஏப்ரல் முதல் நாள் திருத்தணி சென்னை மாநிலத்துடன் சேர்ந்தது. சத்தியவேடு ஆந்திரப் பிரதேசத்துடன் சேர்ந்தது. சித்தூரும் திருப்பதியும் ஆந்திரத்திலேயே நின்றன. கிராமத்தை அலகாகக் கொண்டு எல்லை வகுத்துவிடலாம். ஒரே வீட்டில் மாமியார் தமிழும் மருமகள் தெலுங்கும் பேசினால் அவ்வீட்டில் எங்கே கோடு கிழிப்பது? அவ்வட்டாரத்துத் தமிழர் அவ்வினாவிற்குத் தம் வாழ்க்கையாலேயே விடை கண்டனர். கடைத்தெருவிலும் கச்சேரியிலும் தெலுங்கு. அடுக்களையிலும் பூசையிலும் தமிழ். மாநிலம் மாறியது, அண்டைவீட்டார் மாறவில்லை. அண்டைவீட்டாருடன் பேச அவர்கள் முன்னரே அறிந்திருந்தனர்.

இப்பின்னணியில் ஜெர்மனிக்குச் செல்லும் இளங்குடும்பத்தை நோக்குவோம். அந்நாட்டிற்குத் தமிழர் செல்வது நேற்றுத் தொடங்கியதன்று. தரங்கம்பாடியில் பணியாற்றிய சீகன்பால்கு 1714இல் ஐரோப்பாவிற்குத் திரும்பியபோது, மலையப்பன் என்னும் தமிழ் இளைஞர் உடன் சென்றார். 1983க்குப் பின் இலங்கைத் தமிழர் பெருந்தொகையினராய் அங்கே தஞ்சம் புகுந்தனர். தஞ்சம் கோருவோர் தமக்கென ஒதுக்கிய வட்டாரத்தை விட்டு அனுமதியின்றி வெளியேறலாகாது என்ற விதி அன்று இருந்தது. அவ்விதியின் நெருக்கடியில் வாழ்வைத் தொடங்கியவர்கள், 2002இல் ஹாம் நகரத்தில் காமாட்சி அம்மனுக்குக் கோபுரத்துடன் கோயில் எடுத்துக் குடமுழுக்கும் நிகழ்த்தினர். வாரக் கடைசியில் பிள்ளைகளுக்குத் தமிழ் கற்பிக்கப் பள்ளிகளையும் நடத்தினர்.

இந்தியப் பொறியியலாளரை ஜெர்மனி முறையாக அழைத்தது 2000ஆம் ஆண்டில். 'பச்சை அட்டை' என்னும் அத்திட்டம் 20,000 பேருக்கு ஐந்தாண்டு வரை அனுமதி தர முன்வந்தது. அப்போதே, இந்தியருக்குப் பதிலாக நம் குழந்தைகளைப் பயிற்றுவோம் என்ற பொருளில் எதுகையுடன் ஒரு தேர்தல் முழக்கமும் அங்கே எழுந்தது. 2012இல் 'நீல அட்டை' வந்தது. 2024இல் இந்தியத் திறனாளருக்கான ஆண்டு அனுமதியை 20,000த்திலிருந்து 90,000 ஆக உயர்த்த ஜெர்மனி முடிவு செய்தது. இருபத்துநான்கு ஆண்டுகளில் ஏற்பட்ட மாறுதல் இது. கதவு திறப்பதும் சாத்துவதும் காலத்தையும் தேவையையும் பொறுத்தவை என்பதை இவ்வெண்கள் உணர்த்தும்.

அங்கே சென்றிறங்கும் குடும்பத்தின் முதற்கடமை, குடிபுகுந்த இரண்டு வாரத்திற்குள் நகர அலுவலகத்தில் முகவரியைப் பதிவு செய்வது. அப்பதிவுச் சீட்டு இல்லாவிடில் மற்றக் காரியங்கள் ஒவ்வொன்றாகத் தடைப்படும். அடுத்தது குழந்தை. ஒரு வயது நிறைந்த குழந்தைக்குக் காப்பகத்தில் இடம் கோரும் உரிமையை 2013 முதல் அந்நாட்டுச் சட்டம் வழங்குகிறது. ஆயினும் பல நகரங்களில் இடம் கிடைக்கக் காத்திருக்க வேண்டியுள்ளது. ஞாயிற்றுக்கிழமை கடைகள் பெரும்பாலும் அடைத்திருக்கும். அம்மியும் உரலும் இல்லாவிடினும், மிக்ஸி இரைவதுகூட அண்டைவீட்டாருக்கு உறுத்தும். இவையெல்லாம் ஓராண்டில் பழகிவிடும். மொழிதான் பழகக் காலம் கேட்கிறது. அலுவலகத்தில் ஆங்கிலத்தைக் கொண்டு கணவன் காலம் தள்ளிவிடலாம். மருத்துவரிடமும் காப்பகத்து ஆசிரியையிடமும் மனைவிக்கு ஆங்கிலம் எப்போதும் கைகொடாது. அன்று காளத்தியில் ஜெர்மானியப் பெண் நின்ற இடத்தில் இன்று சித்தூர்ப் பெண் நிற்கிறாள்.

சட்டமும் மொழிக்கு ஒரு மதிப்பை வைத்திருக்கிறது. நீல அட்டை பெற்றவர் நிலையான வசிப்புரிமைக்கு 27 மாதம் காத்திருக்க வேண்டும். ஜெர்மன் மொழியில் நடுத்தரத் தேர்ச்சி காட்டினால் 21 மாதமே போதும். 2024இல் வந்த புதிய சட்டத்தின்படி ஐந்தாண்டு வாழ்ந்தவர் குடியுரிமை கோரலாம். பழைய குடியுரிமையை விடவேண்டும் என்று ஜெர்மனி கேட்பதில்லை. ஆயின் இந்தியச் சட்டம் இரட்டைக் குடியுரிமையை ஒப்புவதில்லை. ஆகவே ஒரு நாள் அந்தத் தம்பதியர் இரவெல்லாம் விழித்திருந்து ஒரு முடிவுக்கு வரவேண்டியிருக்கும். அம்முடிவு எதுவாயினும் குற்றமன்று.

அதற்குள் அவர்களுடைய பிள்ளை, வாயிலில் தபால்காரர் சொல்வதைத் தாய்க்குத் தமிழில் எடுத்துச் சொல்லும் வயதை அடைந்திருக்கும். அத்தகைய பிள்ளையை வீட்டின் முதல் மொழிபெயர்ப்பாளர் என்று நாம் மகிழ்ச்சியுடன் வரவேற்கலாம். ஆயின் அச்சுமையை அப்பிள்ளையின் தலையிலேயே நெடுங்காலம் வைத்திருத்தல் முறையன்று. பெற்றோர் ஊர்மொழியைக் கற்றுக்கொண்டால், பிள்ளை தமிழைத் தமிழாகவே பேசி மகிழ வழி பிறக்கும். இல்லாவிடில் அதற்குத் தமிழ் என்பது பெற்றோரின் இயலாமையை நினைவூட்டும் மொழியாகிவிடும். ஊர்மொழி கற்றால் தாய்மொழி தேயும் என்று அஞ்சுவோர் சித்தூரின் இருமொழி வீடுகளை எண்ணிப் பார்த்தல் தகும்.

முத்திரையிட்ட சீட்டு ஒரு குடும்பத்திற்கு இன்றியமையாதது; அதனை எவரும் இகழ வேண்டா. ஆயின் 1866இல் ஹானோவரிலும், 1914இல் திருப்பதியிலும், 1953இல் சித்தூரிலும் அச்சீட்டு ஒரே நாளில் பொருள் மாறியது. அண்டைவீட்டாருடன் அவர் மொழியில் பழகிய பழக்கத்தை அத்தகைய ஆணை எதுவும் அழிக்கவில்லை. கல்கத்தாவில் வங்காளியும், புனேயில் மராத்தியும், மூனிக்கில் ஜெர்மனும் கற்று, இரவில் பிள்ளைக்குத் தமிழில் கதை சொல்லும் தாய் தந்தையர், "எந்த ஊர்?" என்ற கேள்விக்கு இரண்டு ஊர்ப்பெயரைச் சொல்லத் தயங்க வேண்டியதில்லை.