வேலைக்காரியின் கடிதம்

துப்பறியும் கதை என்றதும், கொலை எப்படி நடந்தது என்று கேட்போர் பலர். எந்த வீட்டில் நடந்தது, அதை யார் கண்கொண்டு நாம் காண்கிறோம் என்று கேட்போர் மிகச் சிலர். நாம் அதைக் கேட்போம்.

1860இல், இங்கிலாந்தின் ரோடு என்னும் சிற்றூரில், தொழிற்சாலை ஆய்வாளர் ஒருவரின் பெரிய இல்லத்தில், நான்கு வயதும் நிரம்பாத பாலகன் கழுத்தறுபட்டுக் கிடந்தான். உள்ளூர்க் காவலர் முதலில் பிடித்தது யாரை? குழந்தையைக் காத்த செவிலிப் பெண்ணை! இலண்டனிலிருந்து வந்த துப்பறிவாளர் ஜோனதன் விச்சரோ, காணாமற்போன இரவுடை ஒன்றைக் காட்டி, அவ்வீட்டு மகள் கான்ஸ்டன்ஸ் கென்ட் மீதே குற்றஞ்சாட்டினார். விச்சர் தோட்டக்காரர் மகன். அவர் ஒரு குலமகளின் உடைப்பெட்டியைக் குடைவதா? சீறினர் சீமான்கள்! அவள் விடுவிக்கப்பட்டாள், அவர் பெயர் கெட்டது. 1865இல் அவளே முன்வந்து குற்றத்தை ஒப்புக்கொண்டாள். விச்சர் அதற்கு முந்திய ஆண்டே பணியை விட்டு விலகியிருந்தார்.

அந்த இரவுடையைத் தம் கதைக்கு எடுத்துக்கொண்டார் வில்கி காலின்ஸ். 1868இல் வெளிவந்த அவருடைய ‘மூன்ஸ்டோன்’ நாவலின் களம் யார்க்‌ஷயர் கடலோரத்து மாளிகை. 1799இல் சீரங்கப்பட்டணம் வீழ்ந்தபோது, ஆங்கிலப் படை அதிகாரி ஒருவன் காவலரைக் கொன்று கவர்ந்த வைரம் அங்கே வந்து சேர்கிறது, ஓரிரவில் மறைகிறது. கொள்ளையடித்த பொருள் கொள்ளை போயிற்றென்று கூக்குரல்! வேடிக்கைதான்.

காலின்ஸ் தாமே கதை சொல்லவில்லை. வழக்குமன்றச் சாட்சிகளைப்போல ஒருவர்பின் ஒருவராகப் பேச வைக்கிறார். மாளிகையில் நடந்ததைக் கூற முதலில் வருபவர் முதிய பணியாளர் பெட்டரெட்ஜ். எசமானியிடம் பற்று மிக்கவர்தாம். ஆயினும் வரவேற்பறையை அடுக்களைப் பக்கமிருந்து பார்க்கும் கண் அவருடையது.

ஆனால் பணிப்பெண் ரோசன்னா? ஒரு காலத்தில் திருடிச் சிறை சென்றவள். ஆகவே ஐயம் அவளைச் சுற்றுகிறது. அவளோ வைரத்தைத் தொட்டவளல்லள். தான் உள்ளத்தில் வைத்துப் போற்றிய பிராங்க்ளின் பிளேக்கின் இரவுடையில் வண்ணக்கறை கண்டாள், அதை மறைத்தாள், புதைமணலில் மாண்டாள். அவள் தரப்பு நம் செவிக்கு எட்டுவது எப்போது? செத்த பிறகு, கடிதமாக! பிளேக், அபினி மயக்கத்தில் தன்னையறியாமல் எடுத்தவன். அவனிடமிருந்து அதைப் பெற்று, அறிந்தே அடகு வைத்தவனோ, அறச்சங்க மேடைகளில் அருளுரை பொழிந்த காட்பிரே ஏபிள்வைட்!

இத்தனை பேரைப் பேசவிட்ட காலின்ஸ், வைரத்தைத் தேடிக் கடல் கடந்து வந்த மூன்று பார்ப்பனருக்குச் சாட்சிக்கூண்டு தரவில்லை. வைரத்தை மீட்டபின், கடல் கடந்ததால் குலமிழந்தோராகி, அம்மூவரும் ஒருவரையொருவர் இனிக் காணாதபடி திசைக்கொருவராகப் பிரிகின்றனர். அந்தக் காட்சியையும் ஓர் ஆங்கிலப் பயணியே நமக்குக் கூறுகிறார்.