அட்டைப்பெட்டி வகுப்பறைக்குள் நுழைந்த கதை

2014 ஜூன் 25. சான்பிரான்சிஸ்கோவில் கூகுளின் ஆண்டு மாநாடு. மேடையில் நிகழ்ச்சியை நடத்தியவர் மதுரையில் பிறந்து சென்னையில் வளர்ந்த சுந்தர் பிச்சை. அன்று வந்திருந்தவர்களுக்கு அன்பளிப்பாகக் கிடைத்தவற்றுள் ஒன்று, மடித்த அட்டை. அதோடு இரண்டு லென்ஸ், ஒரு காந்தம், கொஞ்சம் வெல்க்ரோ, ஒரு ரப்பர் பேண்ட். அட்டையை மடிப்புக் கோட்டில் மடித்துப் பெட்டியாக்கி, செல்போனை உள்ளே செருகிக் கண்ணருகே வைத்தால் வேறோர் ஊருக்குள் நிற்கலாம். தலையைத் திருப்பினால் அந்த ஊரும் கூடவே திரும்பும்.

'கார்ட்போர்டு' என்று பெயரிட்ட அந்தப் பெட்டியை உருவாக்கியவர்கள் டேவிட் கோஸ், டேமியன் ஹென்றி என்ற இரு பொறியாளர்கள். பாரிஸில் உள்ள கூகுளின் பண்பாட்டு மையத்தில் வேலை பார்த்தவர்கள். வேலை நேரத்தில் ஐந்தில் ஒரு பங்கைச் சொந்த யோசனைகளுக்குச் செலவிடலாம் என்று அங்கே ஒரு வழக்கம் இருந்தது. அந்த நேரத்தில் பிறந்தது இது. பள்ளிக்கூடம் அவர்கள் மனதில் முதலில் இருந்ததாகத் தெரியவில்லை. ஆனாலும் ஓராண்டுக்குள் அது வகுப்பறை வாசலில் நின்றது. அந்த வாசல்வரை வந்த பாதை மட்டும் மிகப் பழையது.

பாதையின் தொடக்கம் லண்டனில், 1838-ல். நம் இரு கண்களுக்கும் நடுவே ஏறக்குறைய ஆறு சென்டிமீட்டர் இடைவெளி. அதனால் இரண்டும் ஒரே பொருளைச் சற்றே வேறுபட்ட இரு கோணங்களில் பார்க்கின்றன. மூளை அந்த இரண்டையும் சேர்த்து ஆழத்தை உணர்கிறது. இதைச் செய்து காட்டியவர் சார்ல்ஸ் வீட்ஸ்டன். புகைப்படக் கலை இன்னும் பொதுமக்களிடம் வந்து சேராத காலம். ஆகவே அவர் கையால் வரைந்த இரண்டு கோட்டுப் படங்களை இரண்டு கண்ணாடிகள் வழியே காட்டினார். தட்டையான கோடுகள் திரண்ட உருவமாக எழுந்து நின்றன. 'ஸ்டீரியோஸ்கோப்' பிறந்தது. 1849-ல் டேவிட் புரூஸ்டர் கண்ணாடிக்குப் பதிலாக லென்ஸ் வைத்து அதைக் கையடக்கப் பெட்டியாக்கினார்.

1861-ல் பாஸ்டன் நகரத்து மருத்துவரும் எழுத்தாளருமான ஆலிவர் வெண்டல் ஹோம்ஸ், மரத்தால் ஆன எளிய கைக்கருவி ஒன்றை வடிவமைத்தார். அதற்கு அவர் காப்புரிமை வாங்கவில்லை. யார் வேண்டுமானாலும் செய்யலாம், விற்கலாம் என்று ஆனதால் விலை விழுந்தது. நடுத்தரக் குடும்பங்களின் வரவேற்பறைவரை அது போய்ச் சேர்ந்தது. வீடுகளுக்குப் பின் பள்ளிகள். பென்சில்வேனியா மாநிலத்தின் மெட்வில் ஊரில் 1892-ல் தொடங்கிய கீஸ்டோன் வியூ கம்பெனி, அறுநூறு படங்கள் கொண்ட தொகுப்பைப் பள்ளிகளுக்கென்றே விற்றது. படங்களோடு ஆசிரியருக்கு ஒரு கையேடும் உண்டு. புவியியலில் இந்தப் பாடம் நடக்கும்போது எந்தப் படம், வரலாற்றில் அந்தப் பாடத்துக்கு எந்தப் படம் என்று அதில் பிரித்துக் கொடுத்திருந்தார்கள்.

போட்டி நிறுவனமான அண்டர்வுட் & அண்டர்வுட் இன்னொரு வேலை செய்தது. படத்தொகுப்போடு ஒரு வரைபடமும் கொடுத்தது. எந்த இடத்தில் நின்று, எந்தத் திசையில், எவ்வளவு அகலத்துக்குப் பார்க்கிறீர்கள் என்பதை எண்ணிட்ட சிவப்புக் கோடுகள் காட்டின. அந்த நிறுவனத்துக்காக உலகம் சுற்றிப் படமெடுத்தவர்களுள் ஜேம்ஸ் ரிக்கால்டன் முக்கியமானவர். நியூஜெர்சியின் மேப்பிள்வுட்டில் பள்ளி ஆசிரியர். மின்விளக்கு இழைக்கு ஏற்ற மூங்கிலைத் தேடி 1888-ல் எடிசன் அனுப்ப, இலங்கை உள்ளிட்ட கீழை நாடுகளில் அலைந்தவர். பின்னாளில் இந்தியாவையும் ஸ்டீரியோஸ்கோப் படங்களாக எடுத்து, கூடவே வழிகாட்டி நூலும் எழுதினார். ஊர்விட்டு ஊர் போக முடியாத பிள்ளைகளுக்கு உலகத்தை வகுப்புக்குள் கொண்டுவரும் ஆசை அன்றே முழுதாக இருந்தது. ஒன்றுதான் குறை: அந்தப் படத்துக்குள் தலையைத் திருப்ப முடியாது.

அந்தக் குறையைத் தீர்த்தவர் ஐவன் சதர்லண்ட். 1968-ல், தலை அசையும் திசைக்கேற்பக் காட்சியையும் மாற்றிக் காட்டும் கருவியைச் செய்தார். கண்ணுக்குத் தெரிந்ததோ வெறும் ஒளிக்கோடுகளால் ஆன உருவங்கள். தலையின் அசைவை அளக்கும் இயந்திரக் கை கூரையிலிருந்து தொங்கியது. எண்பதுகளில் ஜாரன் லானியரின் நிறுவனம் இப்படிப்பட்ட கருவிகளை விற்பனைக்குக் கொண்டுவந்தபோது ஒவ்வொன்றும் ஆயிரக்கணக்கான டாலர். பள்ளி நிர்வாகம் எட்டிக்கூடப் பார்க்க முடியாத விலை.

அப்படியும் பிள்ளைகள் உள்ளே புகுந்துவிட்டார்கள். அமெரிக்க விமானப்படைக்காகத் தலைக்கவசக் காட்சிக் கருவிகளை உருவாக்கிய தாமஸ் ஃபர்னஸ், 1989-ல் சியாட்டிலின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ஓர் ஆய்வகம் தொடங்கினார். 1991 கோடை விடுமுறையில் அந்த ஊரின் பசிபிக் அறிவியல் மையம் நடத்திய முகாமுக்கு வந்த சிறுவர் சிறுமியர், ஆய்வகத்தைச் சேர்ந்த மெரடித் பிரிக்கனின் வழிகாட்டலில் தங்கள் மெய்நிகர் உலகங்களைத் தாங்களே வடிவமைத்தார்கள். கணினித் திரையில் உருவங்களைக் கட்டி, பிறகு ஆய்வகத்தில் கவசம் மாட்டி அதற்குள் போய்ப் பார்த்தார்கள். இந்தத் துறை பிள்ளைகளிடம் வந்த விதத்தில் நான் மிகவும் மதிப்பது இதைத்தான். அவர்கள் அங்கே பார்வையாளர்கள் இல்லை, உலகத்தைக் கட்டியவர்கள்.

விலையை உடைத்தது செல்போன். கூர்மையான திரை, வேகமான செயலி, திரும்புவதை உணரும் கைரோஸ்கோப் மூன்றும் 2010-ஐ ஒட்டிச் சட்டைப்பைக்குள் வந்துவிட்டன. இனி வேண்டியது இரண்டு லென்ஸும் அவற்றைப் பிடித்துக்கொள்ள ஒரு கூடும் மட்டுமே. 2012-ல் தென் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தில் மார்க் போலாஸின் குழு நுரை அட்டையில் அப்படியொரு கூட்டை மடித்துக் காட்டியது. பாரிஸ் பொறியாளர்களின் பெட்டி அதே வழியில் வந்ததுதான். பக்கவாட்டில் இருந்த காந்தத்தை இழுத்தால் போனின் திசைகாட்டி உணரி அதைக் கண்டுகொள்ளும், அதுவே பொத்தான். பெட்டிக்குத் தலைப்பட்டை வைக்கவில்லை. கையால் பிடித்துக்கொண்டு பார்த்தால் தலையை மெதுவாகத்தான் திருப்ப வரும், மயக்கமும் குறையும். ஹோம்ஸ் செய்ததுபோலவே வரைபடத்தையும் எல்லாருக்கும் இலவசமாக வெளியிட்டார்கள்.

இருந்தாலும், முப்பது பிள்ளைகள் கையில் முப்பது பெட்டியைக் கொடுத்தால் என்ன ஆகும் என்பது ஆசிரியர்களுக்குத் தெரியும். ஆளுக்கொரு திசை, ஆளுக்கொரு உலகம். வகுப்பு கலைந்துவிடும். 2015 மே மாதம் கூகுள் அறிவித்த 'எக்ஸ்பெடிஷன்ஸ்' திட்டம் சரியாக இந்த இடத்தில்தான் கைவைத்தது. ஆசிரியர் கையில் ஒரு டேப்லெட். வகுப்பு முழுவதையும் ஒரே இடத்துக்கு அழைத்துப் போவது அவர். காட்சியில் ஓரிடத்தை அவர் தொட்டால் பிள்ளைகளின் கண்முன் அம்புக்குறி தோன்றி 'இங்கே பார்' என்று திருப்பும். யார் எந்தப் பக்கம் பார்க்கிறார்கள் என்பது அவருடைய திரையில் சிறு சிரிப்பு முகங்களாகத் தெரியும். வேண்டும்போது எல்லாருடைய காட்சியையும் ஒரே தொடுதலில் நிறுத்தலாம். பெட்டியோடு ஒரு ரவுட்டரும் வரும். இணையம் இல்லாத பள்ளியிலும் பாடம் நடக்கும். அண்டர்வுட்டின் சிவப்புக் கோடும் கீஸ்டோனின் கையேடும் செய்த வேலையைத்தான் அந்த டேப்லெட் செய்தது.

வெர்சாய் அரண்மனை, பவளப்பாறைத் திட்டு, செவ்வாய்க் கோள் என்று பாடங்கள் விரிந்தன. ஓராண்டுக்குள் 11 நாடுகளில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட மாணவர்கள் அதில் பயணம் போனதாக கூகுள் தெரிவித்தது. என் கணக்கில் வகுப்பறைக்கான மெய்நிகர் காட்சி, அதாவது வி.ஆர்., பிறந்தது அந்த டேப்லெட்டோடுதான். அதுவரை அட்டைப்பெட்டி வேடிக்கை காட்டும் கருவி.

ஆயுள் அதிகமில்லை. 2021 மார்ச்சில் கூகுள் கார்ட்போர்டு விற்பனையை நிறுத்தியது. அதே ஆண்டு ஜூன் இறுதியோடு எக்ஸ்பெடிஷன்ஸ் செயலியும் மூடப்பட்டது. படங்களில் பெரும்பகுதி நிறுவனத்தின் வேறொரு செயலிக்குப் போனது. வகுப்பை நடத்த ஆசிரியர் கையில் இருந்த கடிவாளம் மட்டும் அந்தச் செயலிக்குப் போகவில்லை. பெட்டி வாங்கிய பள்ளிகளிடம் மிஞ்சியது அட்டையும் லென்ஸும்.

கடிவாளம் ஏன் அவ்வளவு முக்கியம் என்பதற்கு ஆய்வே உண்டு. 2018-ல் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் சாண்டா பார்பரா வளாகத்தில் ஜோஸ்லின் பரோங், ரிச்சர்ட் மேயர் இருவரும் ரத்த ஓட்டத்துக்குள் பயணம் போகும் வி.ஆர். பாடத்தையும், அதே பாடத்தைச் சாதாரண ஸ்லைடுகளாகவும் கல்லூரி மாணவர்களுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். வி.ஆர். பார்த்தவர்களுக்கு ஆர்வம் கூடுதல். தேர்வில் மதிப்பெண் கூடுதலாக வாங்கியதோ ஸ்லைடு பார்த்தவர்கள். பகுதி பகுதியாக நிறுத்தி, பார்த்ததைச் சுருக்கி எழுதச் சொன்னபோது வி.ஆர். மாணவர்களின் மதிப்பெண் உயர்ந்தது. நிறுத்திக் கேட்பது ஆசிரியர் வேலை.

ஆகவே தங்கள் பள்ளிக்கு ஹெட்செட் வாங்க முனையும் நிர்வாகிகள், திரையின் தெளிவை விசாரிக்கும் முன் மூன்று கேள்விகள் கேட்கட்டும். ஆசிரியர் நினைத்த நொடியில் வகுப்பு முழுவதையும் நிறுத்த முடியுமா? இணையம் போனாலும் பாடம் நடக்குமா? விற்ற நிறுவனம் நாளை கடையைச் சாத்தினால் பாடம் பள்ளியிடம் இருக்குமா? மூன்றுக்கும் 'ஆம்' என்ற பதில் எழுத்தில் கிடைக்காவிட்டால் அந்தப் பணத்துக்கு நூலகப் புத்தகம் வாங்கலாம்.