பாட்டுக்குப் படம் பிடித்தவர்கள்

சிங்கப்பூரில் சிராங்கூன் சாலைக்கு அப்பாலுள்ள பாலஸ்டியர் பகுதி 1830-களில் கரும்புத் தோட்டம். அங்கே இன்றும் ‘ஜாலான் அம்பாஸ்’ என்றொரு தெரு உண்டு. அம்பாஸ் என்றால் சக்கை. அத்தெருவில்தான் ஷா சகோதரர்களின் மலாய்ப் பட நிலையம் 1967 வரை நடந்தது.

அப்படங்களை இயக்கியவர்களில் பலர் இந்தியர்கள். பி. எஸ். ராஜ்ஹான்ஸ், சென்னையில் பிறந்த எல். கிருஷ்ணன், வங்காளத்துப் பணி மஜும்தார் ஆகியோர் குறிப்பிடத்தக்கவர்கள். பேச்சு மலாய், கதைக்கு நடுவே பாட்டும் ஆட்டமும் வைத்துப் படம் பிடிக்கும் முறையோ நமக்குப் பழக்கமானது. அரண்மனையும் ஆடம்பரமும் மிகுதி என்று சிலர் குறைகூறியதும் உண்டு.

பினாங்கிலிருந்து பின்னணி பாட வந்த பி. ராம்லியை, 1950-இல் ‘பக்தி’ படத்தில் கதாநாயகன் ஆக்கினார் கிருஷ்ணன். 1955-இல் ராம்லி தாமே இயக்கிய முதற்படம் ‘பெனாரிக் பெச்சா’. அதில் காதல் பாட்டுப் பாடுபவன் இளவரசன் அல்லன். பெச்சா மிதிக்கும் ஏழைத் தொழிலாளி!

முறையைப் பிறரிடம் கற்கலாம். காட்டும் வாழ்க்கை நம்முடையதாக இருக்கவேண்டும். இன்று கைப்பேசியிலேயே பாட்டுப் படம் எடுக்கும் நம் பிள்ளைகள் பால்மரக் காட்டையும் லயத்து வாசலையும் காட்ட நாணவேண்டியதில்லை. அங்கும் பாட்டு உண்டு என்பதை நாம் அறிவோம்.