ஐப்பசிப் பழுப்பும் யூரியா மூட்டையும்: பெரம்பலூர்க் கரிசலில் மக்காச்சோளத்தின் தழைச்சத்து

சிறுவாச்சூரைச் சுற்றிய பெரம்பலூர் வட்டாரத்தின் கரிசல் காடுகளில், புரட்டாசியில் விதைத்த மானாவாரி மக்காச்சோளம் ஐப்பசி அடைமழையில் பழுப்பு அடிப்பது அடிக்கடி காணும் காட்சி. பயிர் பழுத்ததும் யூரியா வீசப்படுகிறது. மண்ணில் தழைச்சத்து இருந்தும் வேரால் அதை எடுக்க இயலாதபோதும் இதே பழுப்புத்தான் தோன்றும். ஆகவே மேலுர முடிவு இலையின் நிறத்தைவிட வேரின் நிலையைச் சார்ந்திருக்க வேண்டும் என்பது என் வாதம்.

மக்காச்சோளம் தழைச்சத்தைப் பெரும்பாலும் நைட்ரேட்டாக எடுக்கிறது. நைட்ரேட் எதிர்மின் அயனி. வேர்ச் செல்லின் உட்புறமும் எதிர்மின்தன்மை உடையது. ஆகவே அது தானாக உள்ளே புகாது. செல் முதலில் புரோட்டான்களை வெளியே தள்ளுகிறது. அவை சவ்விலுள்ள கடத்திப் புரதங்கள் வழியே திரும்பும்போது நைட்ரேட்டும் உடன் நுழைகிறது. புரோட்டானைத் தள்ள ஏடிபி என்னும் ஆற்றல் மூலக்கூறு வேண்டும். அதற்கு வேர் சுவாசிக்க வேண்டும். களிமண் மிகுந்த கரிசலில் நீர் தேங்கினால் ஓரிரு நாளில் ஆக்சிஜன் தீர்ந்துபோகிறது. அதன்பின் நைட்ரேட் அருகே இருந்தும் வேர் பட்டினி கிடக்கிறது.

உள்ளே போன நைட்ரேட்டின் வேலையும் எளிதன்று. அது நைட்ரைட்டாகி, அம்மோனியமாகி, பிறகு குளூட்டமின், குளூட்டமேட் என அமினோ அமிலங்களில் சேர வேண்டும். இந்தக் கடைசிப் பாதையைப் பசுங்கணிகத்தில் 1974இல் காட்டியவர்கள் லீயும் மிஃப்லினும். அதற்கான ஆற்றலும் கார்பன் கூடும் ஒளிச்சேர்க்கையிலிருந்தே வருகின்றன. தொடர்ந்து மூடாக்குப் போட்ட வானத்தின் கீழ் இரண்டும் குறைவு.

நீர் தேங்கிய மண்ணில் தழைச்சத்து உண்மையிலேயே குறைகிறதே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆக்சிஜன் இல்லாதபோது நுண்ணுயிர்கள் நைட்ரேட்டைச் சுவாசித்து நைட்ரஸ் ஆக்சைடாகவும் நைட்ரஜன் வாயுவாகவும் வெளியேற்றுகின்றன. அந்த இழப்பை ஈடுகட்ட உரம் வேண்டியதே. ஆனால் நீரை வடிக்காமல் இட்ட யூரியாவும் அதே வழியில் போகக்கூடும். சுக்கான்கல் கலந்த கார மண்ணில் இன்னொரு வழியும் உண்டு: மண்ணின் மேலே கிடக்கும் யூரியா யூரியேஸ் நொதியால் சிதைந்து அம்மோனியா வாயுவாகப் பறக்கிறது. 2015 முதல் யூரியாவுக்குக் கட்டாயமான வேப்பெண்ணெய்ப் பூச்சு, அம்மோனியம் நைட்ரேட்டாக மாறுவதைத் தாமதப்படுத்தும். அம்மோனியா பறப்பதை அது தடுக்காது.

பழுப்புக்குக் காரணம் சத்துக் குறையா, நீர்த் தேக்கமா என்பதை இலை மட்டும் சொல்லாது. தழைச்சத்துப் பற்றாக்குறையில் அடி இலை நுனியிலிருந்து நடு நரம்போடு பழுக்கும். நீர் தேக்கத்திலும் முதலில் பழுப்பது அடி இலையே. ஒரு செடியைப் பிடுங்கிப் பார்க்க வேண்டும். வேர் வெள்ளையாக இருந்தால் உரம். பழுப்பேறி நாறினால் முதலில் வடிகால்.

உழவர் இதை அறியாதவர் அல்லர். 45 கிலோ யூரியா மூட்டை 266.50 ரூபாய்; அதில் தழைச்சத்து ஏறக்குறைய 20.7 கிலோ. வடிகால் வெட்ட ஆள் கூலி இதைவிட அதிகம். மலிவான உரம் தவறான மருந்தை எளிதாக்குகிறது. இந்தத் தவறின் பொறுப்பை உழவர் தலையில் சுமத்துவது அநீதி.

இறவை வீரிய மக்காச்சோளத்துக்குத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் ஹெக்டேருக்கு 250 கிலோ தழைச்சத்தைப் பரிந்துரைக்கிறது: கால் பங்கு அடியுரம், 25ஆம் நாள் பாதி, 45ஆம் நாள் மீதி. முழங்கால் உயரத்திலிருந்து ஆண்பூ வரும்வரை பயிரின் தேவை வேகமாக ஏறுவதோடு இது பொருந்துகிறது. மானாவாரியில் 25ஆம் நாள் காய்ச்சலாகவும் இருக்கலாம், சேறாகவும் இருக்கலாம். அங்கே நாள்கணக்கு உதவாது. நீர் வடிந்து, மண் கையில் ஒட்டாத ஈரத்துக்கு வந்ததும் வரிசையோரம் இட்டு மண் அணைப்பதே ஏற்றது.

மண் பரிசோதனையும் இங்கே முழுத் துணையாகாது. சுப்பையா, அசிஜா 1956இல் வகுத்த காரப் பெர்மாங்கனேட் முறை, அங்ககப் பொருளிலிருந்து எளிதில் விடுபடக்கூடிய தழைச்சத்தையே பெரிதும் மதிப்பிடுகிறது. சித்திரையில் எடுத்த மாதிரி ஐப்பசியின் நைட்ரேட்டைக் காட்டாது. தேவைப்படுவது உழவர் வயலிலேயே ஓர் ஒப்பீடு: ஒரு பாத்தியில் நீர் நிற்கும்போதே யூரியா, அடுத்ததில் வடித்தபின் யூரியா, மூன்றாவதில் வடிகால் மட்டும், மூன்றிலும் கதிரின் எடையோடு வடிகால் கூலியையும் கணக்கில் சேர்த்து.