இல்லாத கையின் வலி: விளையனூர் இராமச்சந்திரனின் மன ஆராய்ச்சி வளர்ந்த வரலாறு

முன்னுரை

விடியுமுன் பெரட்டுக்கு நின்று, நிரை பிடித்துப் பால்மரம் சீவி, வாளி தூக்கி ஜீவனம் செய்தவர்களுக்குக் கையும் காலுமே ஆஸ்தியாக இருந்தன என்பதை, பகாவ், ரந்தாவ், லிங்கி, போர்ட்டிக்சன் எனப் பரந்து கிடந்த நெகிரி செம்பிலான் ரப்பர்த் தோட்டங்களின் சரித்திரத்தை அறிந்தவர்களுக்கு எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. ஜப்பானியர் ஆட்சியில் மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர் சயாம் மரண ரயில் பாதைக்குக் கொண்டு செல்லப்பட்டபோது, அங்கே காலில் கண்ட சிறு கீறலும் அழுகிய புண்ணாகி, உயிரைக் காக்கக் காலையே துண்டிக்க நேர்ந்த கதைகள் பல. யுத்தம் செய்த அந்த வேலையை இன்று நீரிழிவு செய்கிறது. 2019-ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வு, வயது வந்த மலேசிய இந்தியர்களில் ஏறத்தாழ 31 விழுக்காட்டினருக்கு அந்நோய் உண்டென்று கணக்கிட்டது.

உறுப்பு போன பின்னும் அவ்வுறுப்பின் வலி போவதில்லை என்பது இத்துயரத்தின் இரண்டாம் பாகம். இல்லாத கால் எவ்வாறு வலிக்கும்? வைத்தியனும் தத்துவ ஞானியும் சேர்ந்து விடை காண வேண்டிய இவ்வினாவைத் தம் வாழ்நாள் ஆராய்ச்சியின் வாயிலாக ஏற்றுக்கொண்ட தமிழர் ஒருவரின் சரித்திரமே இக்கட்டுரையின் பொருள்.

வினாவின் பூர்வ சரித்திரம்

வெட்டுண்ட உறுப்பில் நோயாளர் வேதனை உணர்வதைப் பதினாறாம் நூற்றாண்டிலேயே பிரெஞ்சு இரண வைத்தியர் அம்புரோயிஸ் பாரே குறித்து வைத்தார். அடுத்த நூற்றாண்டில் தத்துவாசிரியர் டேகார்ட், வலி கையில் இல்லை என்பதற்கு இதையே சாட்சியாக்கினார். 'மாய உறுப்பு' என்ற பெயரை 1871-இல் வழங்கியவர் அமெரிக்க உள்நாட்டுப் போரின் காயக்காரர்களைக் கவனித்த வைர் மிட்சல். அவரும் 1866-இல் இவ்விஷயத்தை முதன்முதல் உலகுக்குச் சொன்னபோது, தம் பெயரை மறைத்து ஒரு கற்பனைக் கதையாகவே சொன்னார். குறையுறுப்பின் நுனியிலுள்ள நரம்புகளின் எரிச்சலே காரணம் என்று வைத்தியர்கள் நெடுங்காலம் கருதியதால், வலிக்கு மருந்தாக மிஞ்சியதையும் மேலும் வெட்டிய கொடுமை நிகழ்ந்தது.

மான்ட்ரியாலில் வைல்டர் பென்பீல்டு 1930-களில் மூளையின் மேற்பரப்பில் சரீரத்தின் வரைபடத்தைக் கண்டார். அதில் கைக்குரிய இடத்தை அடுத்து முகத்துக்குரிய இடம் அமைந்திருந்தது. கையின் உணர்ச்சி நரம்புகள் அறுக்கப்பட்டுப் பல ஆண்டுகள் கழிந்த குரங்குகளின் மூளையில், கைக்குரிய பிரதேசம் முகத்தைத் தொட்டபோது கிளர்ச்சியுற்றதை 1991-இல் டிமதி பான்ஸ் குழுவினர் வெளியிட்டனர். இந்தச் சந்தியில்தான் நம் கதாநாயகர் பிரவேசிக்கிறார்.

மனிதர்

விளையனூர் சுப்பிரமணியன் இராமச்சந்திரன் 1951-இல் தமிழ்நாட்டில் பிறந்தவர். இந்திய அரசியல் சாசனத்தை உருவாக்கிய மேதைகளுள் ஒருவரான அல்லாடி கிருஷ்ணசாமி ஐயரின் பேரர். தந்தை ஐக்கிய நாட்டு ஸ்தாபனமொன்றின் உத்தியோகத்தில் இருந்தமையால் இளமையின் ஒரு பகுதி பாங்காக்கில் கழிந்தது. சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் வைத்தியம் பயின்று, கேம்பிரிட்ஜ் டிரினிட்டி கல்லூரியில் பார்வைப் புலனை ஆராய்ந்து டாக்டர் பட்டம் பெற்று, பின்னர் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் சான் டியேகோ வளாகத்தில் நிலைபெற்றார். பல கோடி பெறுமான யந்திரங்கள் நரம்பியலை ஆட்கொண்ட காலத்தில், ஒரே நோயாளியை நெடுநேரம் கவனித்து, கைக்கெட்டிய பொருளால் சோதிக்கும் பழைய வைத்தியரின் முறையைக் கைவிடாமை அவருடைய தனித்தன்மை.

பஞ்சும் கண்ணாடியும்

கையிழந்த ஒருவரின் கண்ணைக் கட்டி, காது துடைக்கும் பஞ்சுக் குச்சியால் அவர் கன்னத்தை இராமச்சந்திரன் தொட்டபோது, கன்னத்தோடு இல்லாத கையின் விரலிலும் ஸ்பரிசம் தோன்றுவதாக அந்த நோயாளி கூறினார். குரங்கின் மூளையில் கண்டது மனிதனின் அனுபவத்திலும் உண்டு என்று இராமச்சந்திரன் 1990-களின் தொடக்கத்தில் வாதிட்டது இந்தக் குச்சியின் பலத்தால்தான்.

அடுத்த கருவி அதைவிட எளியது. மேல்மூடியில்லாத பெட்டியின் நடுவே கண்ணாடியொன்றை நிறுத்தி, நல்ல கையை ஒரு பக்கமும் குறைக்கையை மறுபக்கமும் வைத்து, கண்ணாடியில் நோக்கியபடி இரு கைகளையும் அசைப்பதாகப் பாவிக்கச் சொன்னார். நல்ல கையின் பிம்பம் இழந்த கையின் ஸ்தானத்தில் தோன்றி அசைய, ஆண்டுக்கணக்கில் இறுகி முடங்கியிருந்த மாயக் கை விரிந்ததாகச் சிலர் கூறினர். தம் மனைவியும் சக ஆராய்ச்சியாளருமான டயான் ராஜர்ஸ்-இராமச்சந்திரனுடன் சேர்ந்து 1996-இல் இதை அவர் பிரசுரித்தார்.

இதன் தத்துவார்த்தம் நம் அளவை நூல்களைப் பயின்றவர்களுக்கு எளிதில் விளங்கும். சைவ சித்தாந்திகள் காட்சி, கருதல், உரை என்று அளவைகளை வகுத்து, காட்சிக்குள்ளும் வாயிற்காட்சி, தன்வேதனைக் காட்சி முதலிய பேதங்களைக் கண்டனர். 'உனக்குக் கையில்லை' என்ற வைத்தியரின் உரையாலும், நோயாளியின் சொந்த அநுமானத்தாலும் மாயக் கையின் வலி தீர்வதில்லை. ஏனெனில் அது தன்வேதனைக் காட்சி. அதை இளக்கக் கண்ணென்னும் வாயிலின் வழியே மற்றொரு காட்சியே வர வேண்டியிருந்தது. இராமச்சந்திரனின் கண்ணாடி செய்தது அதைத்தான்.

வைத்தியத்திலிருந்து தத்துவத்துக்கு

இங்கிருந்து அவர் பிரக்ஞையின் பிரச்சினைக்கு ஏறினார். வில்லியம் ஹிர்ஸ்டைனுடன் 1997-இல் எழுதிய கட்டுரையில் அனுபவத்தின் இயல்புக்கு மூன்று விதிகளை முன்வைத்தார்: புலன் தந்ததை நாம் விரும்பியபடி மாற்ற முடியாது, அதைக்கொண்டு செய்யும் செயலில் தேர்வு உண்டு, தேர்வதற்குப் போதிய நேரம் அது நினைவில் தங்க வேண்டும். 1999-இல் அவ்விருவரும் கலையின் நியதிகளை ஆராய்ந்தபோது, ரஸக் கொள்கையும் சோழர் காலத்துப் பார்வதி செப்புத் திருமேனியும், விலங்கியலர் டின்பெர்கன் ஆராய்ந்த கடற்காக்கைக் குஞ்சுகளும், மிகைப்படுத்திய உருவமே மனத்தை மிகுதியாகக் கவரும் என்ற ஒரே வாதத்தில் சந்தித்தன. எட்வர்டு ஹப்பார்டுடன் 2001-இல், கூர்முனை உருவமொன்றுக்கும் வளைவான உருவமொன்றுக்கும் 'கிக்கி', 'பூபா' என்ற பெயர்களைப் பொருத்தும் சோதனையை அமெரிக்க மாணவர்களிடமும் தமிழ் பேசுவோரிடமும் நடத்தினார். ஏறக்குறைய எல்லோரும் கூர்மையானதற்குக் 'கிக்கி' என்றே பெயரிட்டனர். 2003-இல் பிபிசியின் ரீத் சொற்பொழிவுகளை நிகழ்த்தியவர், இறுதிச் சொற்பொழிவுக்கு நரம்பியலே புதிய தத்துவம் என்று தலைப்பிட்டார். 2007-இல் இந்திய அரசு பத்ம பூஷண் விருது அளித்தது.

மறுப்புகளும் மதிப்பீடும்

அவருடைய சித்தாந்தங்கள் யாவும் நிலைபெற்றன என்று சொல்வது ஆராய்ச்சி நேர்மை ஆகாது. பிறர் செயலைக் காணும்போதும் கிளரும் நரம்பணுக்கள் மனவியலுக்கு ஒரு யுகப் புரட்சியைத் தருமென்று 2000-இல் அவர் கூறியதையும், அவற்றின் குறைபாட்டால் ஆட்டிசத்தை விளக்கியதையும் பலர் கண்டித்தனர். கையிழந்தோர் மூளையில் கைக்குரிய இடம் பறிபோகாமல் பெரிதும் நிலைத்திருப்பதை 2013 முதல் டமார் மேக்கின் முதலியோர் காட்டியமையால், முகம் கையின் இடத்தைக் கவர்ந்தது என்ற விளக்கமும் தளர்ந்தது. கால் இழந்த போர்வீரர்களிடம் 2007-இல் வால்ட்டர் ரீட் இராணுவ மருத்துவமனையில் கண்ணாடிச் சிகிச்சை நற்பலன் காட்டியதெனினும், அச்சோதனை சிறியது. பின்வந்த ஆய்வுகளின் முடிவுகள் ஒருமுகமாக இல்லை. ஆகவே அவர் கண்டறிந்த அனுபவங்கள் நிற்கின்றன. அவற்றுக்கு அவர் கூறிய காரணங்கள் சில சாய்ந்தன. விஞ்ஞானத்தில் இது தோல்வியன்று.

நம் தோட்டத்து மக்களுக்கு இச்சரித்திரத்தால் விளையும் பயன் ஒன்று உண்டு. கால் இழந்த தந்தையோ தாயோ இல்லாத பாதம் எரிகிறதென்று சொன்னால், அதைப் பிரமையென்றோ காற்றுச் சேஷ்டையென்றோ தள்ளிவிடாதீர்கள்; அந்த வலி மெய். சிரம்பான் போனாலும் கோலப்பிலா போனாலும் வைத்தியரிடம் அதை வெளிப்படையாகச் சொல்லி, கண்ணாடிப் பயிற்சி பொருந்துமா என்றும் கேளுங்கள். அதற்கு வேண்டிய கண்ணாடி பெரும்பாலும் வீட்டுச் சுவரிலேயே தொங்குகிறது.